சோலார் பம்புசெட்டுக்கு 60 சதவீத மானியம்: பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

டீசல் இன்ஜின் வைத்து இறைக்கும் விவசாயிகளும், மின் இணைப்பு கேட்டுக் காத்திருக்கும் விவசாயிகளும் சூரிய சக்தி பம்புசெட் அமைக்க அரசு மானியம் தருகிறது. பி.எம். குசும் என்ற இந்தத் திட்டம் 2019-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைச் செயல்படுத்துகிறது.

மானியம் எவ்வளவு?

மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் தருகின்றன. மீதி 40 சதவீதம் உங்கள் பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு.

உதாரணமாக, விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 1,80,000 ரூபாய். உங்கள் பங்கு 1,20,000 ரூபாய். இதில் 90,000 ரூபாய் வரை வங்கிக் கடன் பெற வழி உண்டு. கடன் கிடைத்தால் கையிலிருந்து போட வேண்டியது 30,000 ரூபாய்தான். மானியத் தொகை உங்கள் கணக்குக்கு வராது, விலையில் கழித்துக்கொள்ளப்படும்.

எத்தனை எச்.பி. வாங்கலாம்?

பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிணற்றின் ஆழம், நீர் ஊறும் அளவு, பயிரின் தேவை ஆகியவற்றைப் பொறியாளரிடம் சொல்லித் தேர்ந்தெடுங்கள். மத்திய அரசின் மானியம் பொதுவாக 7.5 எச்.பி. அளவுக்கே கணக்கிடப்படும். நிலத்தடி நீர் மிகவும் குறைந்த பகுதிகளில் புதிய பம்புக்கு மானியம் இல்லை. ஏற்கெனவே உள்ள டீசல் பம்பை மட்டும், சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துடன் மாற்றிக்கொள்ளலாம்.

வெயில் உள்ள நேரத்தில்தான் மோட்டார் ஓடும். எனவே தண்ணீர்த் தொட்டி இருந்தால் நல்லது. தென்னை, வேம்பு நிழல் விழாத இடத்தில் பேனல்களை அமையுங்கள். தூசி படிந்தால் கழுவிவிடுங்கள். அமைத்துத் தரும் நிறுவனமே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அதற்கான அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளரை அணுகவும். மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், அந்த வரிசை என்னவாகும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் கேட்டு ஏமாற்றுகின்றன என்று மத்திய அரசே எச்சரித்துள்ளது. போனில் அழைத்து யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அலுவலகத்தில் நேரில் விசாரித்து, ரசீது பெற்றே பணம் கட்டுங்கள்.