யார் எடுத்த படம்? மாணவர் குறும்படத்தில் கூட்டு உழைப்பும் தனி மதிப்பெண்ணும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிப்பவர்கள் பட்டம் வாங்குவதற்கு முன் குறும்படமோ ஆவணப்படமோ ஒன்று எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஐந்தாறு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு படம். தேர்வன்று படம் ஓடும், புறத்தேர்வாளர் நாலு கேள்வி கேட்பார், மதிப்பெண் பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இரண்டு முறைகளில் ஒன்றைக் காணலாம். குழுவில் அத்தனை பேருக்கும் ஒரே எண் இருக்கும். இல்லாவிட்டால் டைட்டிலில் ‘இயக்கம்’ என்பதற்கு நேரே பெயர் வந்தவருக்கு உச்ச மதிப்பெண்ணும் மற்றவர்களுக்கு அதில் இரண்டு மூன்று குறைத்தும் இருக்கும். முதல் முறை சமத்துவம் போலவும் இரண்டாவது தகுதிக்கு மரியாதை போலவும் தோன்றும். திரையில் ஓடியதை மட்டும் பார்த்துவிட்டு, அது எப்படி உண்டானது என்பதைப் பார்க்காமல் விட்டதில் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு மாணவரும் படத்துக்காக என்ன முடிவெடுத்தார், அதனால் என்ன விளைந்தது என்பதே மதிப்பிடப்பட வேண்டியது; அதற்கான தடயங்களைப் படப்பிடிப்புக்கு முன்பே திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதை மேலூர் வட்டாரத்தை முன்வைத்துப் பேசலாம். மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பெரியாறு கால்வாய் பாயும் வயல், கண்மாய், மொட்டைப் பாறை மலைகள், கிரானைட் வெட்டிய பள்ளங்கள், ஜல்லிக்கட்டு வாடிவாசல் என்று கேமராவைத் திருப்பும் பக்கமெல்லாம் பொருள் கிடைக்கும் மண் இது. அரிட்டாபட்டி இங்கேதான் இருக்கிறது. அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று கூடுதலான பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இப்படிப்பட்ட இடத்துக்குக் கேமராவோடு போகும் மாணவர் குழுவுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு காட்சியளவில் பார்ப்போம்.

உச்சி வேளையில் மலையடிவாரத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பாறை வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசுகிறது. கேமரா தானாக வெளிச்சத்தை அளந்துகொண்டால் பாறை சரியாக விழும். பெரியவரின் முகம் கறுத்துப்போகும். ஒளிப்பதிவு செய்யும் மாணவிக்கு வழிகள் உண்டு. அவரைத் திருப்பி உட்காரவைக்கலாம். அப்போது மலை சட்டகத்தில் இருக்காது, மலையைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்தில் விழவைக்கலாம். கண் கூசி அவர் பேச்சின் தொடர்ச்சியை விட்டுவிடக்கூடும். வெயில் தாழும்வரை காத்திருக்கலாம். அதற்குள் அவர் மாடு அவிழ்க்கப் போய்விடுவார். எதைத் தேர்ந்தாள், ஏன் தேர்ந்தாள் என்பதில்தான் அவள் கற்றது அத்தனையும் இருக்கிறது. தேர்வாளர் பார்ப்பதோ தெளிவாக விழுந்த ஒரு முகம். அதைப் பார்த்து “பேட்டி நல்லா எடுத்திருக்காங்க” என்று அவர் குறித்துக்கொள்கிறார். அந்தப் பாராட்டு இயக்குநரின் கணக்கில் சேர்கிறது. (வெளிச்சத்தை நேரே அடிக்காமல் துணியில் பட்டுத் திரும்பவைக்கும் முறையை சுப்ரத மித்ரா 1956இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் கையாண்டது உலக ஒளிப்பதிவு வரலாற்றில் ஒரு திருப்பம். அந்தப் படத்தின் காசி வீட்டை நாம் நம்புவதற்கு மித்ராவின் அந்த முடிவும் காரணம்.)

அதே இடத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கும் ஒலிப்பதிவு மாணவனின் பாடு இன்னும் கடினம். எங்கோ கிரஷர் இரைகிறது, நான்குவழிச் சாலையில் டிப்பர் லாரிகள் போகின்றன, கண்மாய்க் கரைக் காற்று மைக்கில் மோதுகிறது. மற்றவர்கள் காதுக்கு எதுவும் உறுத்தவில்லை. அவன் ‘ஒன் மோர்’ கேட்டால் குழு முறைக்கும். பெரியவர் சொன்னதையே திரும்பச் சொல்ல அலுத்துக்கொள்வார். கேட்காமல் விட்டால் எடிட்டிங் மேசையில் அந்தப் பேட்டி உதவாது. பேட்டி முடிந்த பின்பும் எல்லாரையும் ஒரு நிமிடம் வாய்மூடி நிற்கச் சொல்லி, இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வது அவன் கடமை. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அதுதான் நிரப்பும். இதையெல்லாம் அவன் ஒழுங்காகச் செய்தால் படத்தில் ஒன்றுமே தெரியாது. செய்யாவிட்டால்தான் “சவுண்டு யாரு?” என்ற கேள்வி வரும்.

கூட்டு வேலையில் தனியாள் உழைப்பு எப்படிக் கரைகிறது என்பதை உளவியல் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்துச் செய்த சோதனைகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஆளுக்கு விழும் இழுவிசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவரின் பங்கு தனியாக இழுத்ததில் பாதியளவுக்கு வந்துவிட்டது. ஒத்திசைவு இல்லாததும் ஒரு காரணமாக இருந்தது. 1979இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் கைதட்டவும் கத்தவும் விட்டுச் செய்த சோதனைகளில், ஒத்திசைவுக் குறையை ஒதுக்கிய பின்பும் முயற்சி குறைவது தெரிந்தது. இரண்டாண்டு கழித்து அவர்களே கண்டது நமக்கு முக்கியம்: தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தச் சுணக்கம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. குழுவில் ஒருவர் வேலை செய்யாமல் பெயர் போட்டுக்கொள்வதைக் குணக்கேடு என்று திட்டுவதை விட, அவர் செய்ததைப் பார்க்க நாம் வழி வைத்திருக்கிறோமா என்று கேட்பது பயன் தரும்.

ஆனால் கயிறு இழுப்பதில் எல்லாரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், படப்பிடிப்பில் அப்படியில்லை. அழகர்கோவில் ஆடித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்கும் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர் ஒரு அடி கூட இழுப்பதில்லை. அவர் தப்பினால் தேர் மதிலில் போய் இடிக்கும். யார் எவ்வளவு இழுத்தார் என்ற அளவுகோலால் அவரை அளக்க முடியாது. கண்டினியூட்டி குறிப்பெடுப்பவர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பு நிர்வாகம் பார்ப்பவர் எல்லாரும் இந்த வகை. சம மதிப்பெண் அவர்களுக்கு ஓரளவு ஆறுதல் தரும், நியாயம் தராது.

மதுரைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். சிறுவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒன்றாக ஒத்திகை பார்த்தார்கள். புகழ் கம்பெனிக்கு. பின்னால் வலுப்பெற்ற ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடு நேர் எதிரானது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். அன்று இரவுதான் மேடையில் சந்திப்பார்கள்; ஒத்திகை கிடையாது. விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ ஒரே நாடகமாக நடக்கும். ஆனால் ஊர் ஒவ்வொருவரையும் தனியாக எடைபோடும். தர்க்கத்தில் மடக்கிப் பாடிய வள்ளிக்கு அடுத்த திருவிழாவுக்கும் தேதி கிடைக்கும், சோடை போன நாரதருக்குக் கிடைக்காது. கூட்டாக ஒரு கலையை நிகழ்த்தி, ஆளாளுக்கு மதிப்புப் பெறுவது நம் பக்கத்து ஊர் மந்தைகளில் பழகிப்போன ஒன்று. ஒவ்வொரு பங்கின் இலக்கணமும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்ததால் அது முடிந்தது. கல்லூரியிலோ குழுவைக் கம்பெனி போல அமைக்கிறோம், வேலையை ஸ்பெஷல் நாடகம் போலப் பிரித்துவிடுகிறோம், மதிப்பெண் போடும்போது பங்குகளின் இலக்கணத்தை எழுதிவைக்கவே இல்லை.

நம் சினிமாப் பண்பாடும் இதற்குத் துணைபோகிறது. 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’ ஆபாவாணன் எழுதித் தயாரித்து, அரவிந்தராஜ் இயக்கியது. ‘திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம்’ என்றுதான் ரசிகர்கள் அதை அடையாளம் சொன்னார்கள். ஒரு குழுவின் பெயர் அப்படி மக்கள் வாயில் நின்றது தமிழ் சினிமாவில் அபூர்வம். பிறகு வந்த கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. நலன் குமரசாமி, பாலாஜி மோகன், மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜ் எனப் பலர் அதன் வழியே வந்தார்கள். அதன் கொடை பெரியது. கூடவே, குறும்படம் என்றால் இயக்குநராவதற்கான நுழைவுச்சீட்டு என்ற எண்ணமும் மாணவர் மனதில் ஊன்றிவிட்டது. புனே திரைப்படக் கல்லூரியின் ‘சூரியகாந்திகளுக்குத்தான் முதலில் தெரிந்தது’ என்று பொருள்படும் தலைப்புள்ள படம் 2024இல் கான் விழாவின் மாணவர் பிரிவான லா சினேஃபில் முதல் பரிசு பெற்றது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று நான்கு துறை மாணவர்கள் ஓராண்டுப் படிப்பின் முடிவில் சேர்ந்து செய்த பயிற்சி அது. செய்திகளில் முன்னால் நின்ற பெயர் இயக்குநர் சிதானந்த எஸ். நாயக்குடையது. அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் படிப்பாகப் பார்த்தால் அது நான்கு பேரின் தேர்வுத்தாள்.

நான் முன்வைக்கும் முறையில், நூற்றில் முப்பது மதிப்பெண் முடிந்த படத்துக்கு. அது எல்லாருக்கும் பொது. எழுபது ஆளுக்கு. முப்பதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தன் வேலை சுத்தமாக இருந்தால் போதும், படம் எக்கேடு கெட்டாலும் சரி என்ற மனநிலை கூட்டுக் கலைக்கு நஞ்சு. எழுபதுக்கான தடயங்கள் தொழிலில் ஏற்கெனவே உள்ளவை: ஷாட் பிரித்த திரைக்கதை, கால்ஷீட், கேமரா குறிப்பு, ஒலிக் குறிப்பு, எடிட்டின் முதல் வெட்டு, கடைசி வெட்டு.

ஏடுகளை முதல்நாள் இரவு உட்கார்ந்து எழுதிவிடுவார்கள் என்பது நியாயமான மறுப்பு. ரெக்கார்டு நோட்டின் வரலாறு நமக்குத் தெரியும். அதனால்தான் ரஷ் முக்கியம். வெட்டாத காட்சிகள் அத்தனையும் தேர்வாளர் மேசைக்கு வர வேண்டும். அதில் கோப்பின் நேரமும் தேதியும் இருக்கும். கேமராவுக்குப் பின்னால் யார் ‘கட்’ சொன்னார், யார் ‘ஒன் மோர்’ கேட்டார், பெரியவரிடம் யார் மரியாதையாகப் பேசினார் என்பதெல்லாம் காதில் விழும். கல்யாண ஸ்டுடியோக்காரரிடம் காசு கொடுத்து எடிட் செய்து வாங்கும் பழக்கத்துக்கும் இதுவே மருந்து. இந்த ஷாட்டை ஏன் தூக்கினாய் என்று ரஷ்ஷைக் காட்டிக் கேட்டால், தான் வெட்டாத படத்துக்கு ஒருவர் பதில் சொல்ல முடியாது.

சக மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எண்ணாகப் போடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் வகுப்புகளில் குழு எப்படிச் சேர்கிறது? ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே விடுதி அறை. சில இடங்களில் வாய்விட்டுச் சொல்லாத சாதி. அங்கே ரகசிய எண், இருக்கும் மேல்கீழை அப்படியே மதிப்பெண்ணாக்கிவிடும். மாணவிகள் நிலையைப் பாருங்கள். காஸ்ட்யூம், கணக்கு நோட்டு, சாப்பாட்டு ஏற்பாடு என்று அவர்கள் தலையில் வேலை விழுகிறது. சாயங்காலம் விடுதிக் கதவு அடைப்பதால் அந்திக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் கேமரா ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது. பிறகு “அவ கேமராவே தொடலை சார்” என்று அதையே குறையாகச் சொல்கிறார்கள். இதைப் பார்த்தும் பேசாமல் மதிப்பெண் போடுவது ஆசிரியருக்கு அழகல்ல. முதல் பயிற்சிப் படங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொறுப்பையும் ஒருமுறை ஏற்றாக வேண்டும் என்பது விதியாக வேண்டும். படப்பிடிப்பு நேரத்தை விடுதி நேரத்தோடு பேசி முடிப்பது துறையின் வேலையாக வேண்டும். சக மாணவரிடம் எண் கேட்பதற்குப் பதில், இன்ன நாளில் இன்னார் இன்னது செய்ததால் படம் பிழைத்தது என்று பெயரிட்டு எழுதும் சாட்சியம் கேட்கலாம்.

ஆவணப்படமாக இருந்தால் இன்னொரு தரப்பும் உண்டு. படத்தில் பேசிய ஊர். மதுரையில் அமுதன் ஆர்.பி.யும் நண்பர்களும் ‘மறுபக்கம்’ வழியாக 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி, படம் முடிந்ததும் எடுத்தவரைப் பார்வையாளர் முன் நிறுத்திப் பேசவைக்கும் பழக்கத்தை ஊன்றியிருக்கிறார்கள். அதை மந்தை வரை கொண்டுபோக வேண்டும். தேர்வுக்கு முன் படத்தை எடுத்த ஊரிலேயே ஒரு மாலை திரையிட்டு, ஊரார் சொன்னதையும் அதன்பின் குழு மாற்றியதையும் பதிவு செய்து தர வேண்டும். ஊருக்கு மதிப்பெண் அதிகாரம் தரச் சொல்லவில்லை. ஊர் விரும்பாத உண்மையையும் ஒரு படம் சொல்ல நேரலாம். ஆனால் “நான் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டாயே தம்பி” என்று அந்தப் பெரியவர் கேட்டால், எடிட் செய்தவர் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசிப் பழகுகிறார்கள். அவர்கள் கல்லூரிக்கு வரும்போது “ஃபீல் குட்” “லேகிங்” என்ற இரண்டு சொல்லில் அவர்கள் படத்தை மதிப்பிட முடியாது.

இந்த முறைக்குப் பெரிய தடை நேரம். படம் பார்க்கக் கால் மணி, ரஷ்ஷில் தேர்ந்த பகுதிகளுக்கு அரை மணி, ஐந்து பேருக்கும் தலா பத்து நிமிட வைவா என்று கணக்கிட்டால் குழுவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எட்டுக் குழு உள்ள வகுப்புக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். ஒரு முற்பகலில் முடித்துவிடும் இப்போதைய ஏற்பாட்டில் அதற்கு இடமில்லை. வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு அணி அணியாக நாள் ஒதுக்கும் கல்லூரிகள் இதற்கும் இரண்டு நாள் ஒதுக்க முடியும். புறத்தேர்வாளருக்கு இரண்டு நாள் படியும், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ரஷ் அடங்கிய ஹார்ட் டிஸ்கும் போய்ச் சேர வேண்டும். பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் துறைகள் கேட்க வேண்டியது இந்த இரண்டு நாளைத்தான்.