நந்தாதேவி தேசியப் பூங்கா: ரிஷிகங்கையின் பள்ளத்தாக்கு காத்து நிற்கும் உலகம்

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திபெத் எல்லைக்கு அருகே உயர்ந்த சிகரங்களால் வளைக்கப்பட்டுக் கிடக்கிறது நந்தாதேவி தேசியப் பூங்கா. சுமார் 630 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவின் நடுவே 7,816 மீட்டர் உயரத்தில் நந்தாதேவி சிகரம் எழுந்து நிற்கிறது. முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களில் மிக உயரமானது இதுவே.

சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைச் சுவர் ஒன்று உள்ளது. துனாகிரி, சங்காபாங், திரிசூல் போன்ற சிகரங்கள் அதில் அணிவகுத்துள்ளன. இச்சுவர் மேற்குப் புறத்தில் ஓரிடத்தில் மட்டுமே பிளந்துள்ளது. உள்ளிருக்கும் பனியாறுகள் உருகிப் பெருகும் நீர் முழுவதும் ரிஷிகங்கை ஆறாகத் திரண்டு அந்தப் பிளவின் வழியே வெளியேறுகிறது. செங்குத்தான பாறைகளுக்கிடையே ஆறு அறுத்துச் சென்ற அந்தக் குறுகிய பள்ளத்தாக்கே பல நூற்றாண்டுகளாக இப்பகுதியின் பூட்டாக இருந்து வந்துள்ளது. ஆறு ரேணி கிராமத்தருகே தௌளிகங்கையுடன் கலந்து, பின்னர் விஷ்ணுபிரயாகையில் அலக்நந்தாவைச் சேர்கிறது.

<b>திறந்த வழியும் அதன் விளைவும்</b>

1883-ஆம் ஆண்டு முதல் மலையேற்ற வீரர்கள் பலர் உள்ளே நுழைய முயன்று தோல்வியடைந்தனர். 1934-இல் எரிக் ஷிப்டன், பில் டில்மன் ஆகியோரும் ஆங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களும் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கின் பாறைச் சரிவுகளில் வழி கண்டுபிடித்து உட்பகுதியை அடைந்தனர். 1936 ஆகஸ்ட் 29-இல் டில்மனும் நோயல் ஓடெலும் சிகரத்தில் கால் பதித்தனர். 1939-இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

1974 வாக்கில் வெளிநாட்டுக் குழுக்களுக்கும் அனுமதி அளிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. மலையேற்றக் குழுக்கள் ஆண்டுதோறும் குவிந்தன. விறகுக்காக ஜூனிப்பர் புதர்களும் மரங்களும் வெட்டப்பட்டன. முகாமிட்ட இடங்களில் குப்பை சேர்ந்தது. கஸ்தூரிக்காக மான்கள் வேட்டையாடப்பட்டன. இதையடுத்து 1982-இல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1983 முதல் மலையேற்றமும் மேய்ச்சலும் நிறுத்தப்பட்டன. 1988-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2005-இல் அருகிலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவும் அத்துடன் இணைக்கப்பட்டது.

<b>காடும் உயிரினங்களும்</b>

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஃபிர், பூர்ஜ மரம், ரோடோடென்ட்ரான் ஆகியவை அடர்ந்துள்ளன. பண்டைக் காலத்தில் வட இந்தியாவில் ஏடெழுதப் பட்டை தந்தது இந்தப் பூர்ஜ மரமே. மேலே செல்லச் செல்ல மரங்கள் மறைந்து ஜூனிப்பர் புதர்களும், அவற்றுக்கும் மேலே புல்வெளிகளும் பாசிகளும் காணப்படுகின்றன. உட்பகுதி மலைச் சுவரின் மறைவில் இருப்பதால் ஒப்பீட்டளவில் வறண்டது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பனி மூடிக் கிடக்கும்.

பாரல் எனப்படும் நீல ஆடு, இமயமலை வரையாடு, கஸ்தூரி மான், கருங்கரடி, பழுப்புக் கரடி ஆகியவை இங்கு வாழ்கின்றன. நீல ஆடுகளை இரையாகக் கொள்ளும் பனிச்சிறுத்தையும் உண்டு. உத்தராகண்டின் மாநில விலங்கான கஸ்தூரி மானும், மாநிலப் பறவையான மோனாலும் ஒருங்கே வாழும் இடம் இது.

பூங்காவின் மையப் பகுதியில் 1993 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக் குழுக்கள் ஆய்வு நடத்தி வருகின்றன. தாவரங்களும் விலங்குகளின் வாழிடமும் படிப்படியாக மீண்டு வருவதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மனித நடமாட்டமின்றி இமயமலையின் இயற்கை எவ்வாறு தன்னைச் சீர்படுத்திக் கொள்கிறது என்பதை ஒப்பிட்டு அறிய இத்தகைய இடங்கள் மிகக் குறைவு.

<b>கிராமங்கள் கொடுத்த விலை</b>

பூங்கா மூடப்பட்டதன் சுமை லாத்தா, ரேணி, தோல்மா போன்ற கிராமங்களின் போட்டியா மக்கள் மீது விழுந்தது. தலைமுறைகளாக ஆடு மேய்த்த தரன்சி உள்ளிட்ட புல்வெளிகளும், மலையேற்றக் குழுக்களுக்குச் சுமை தூக்கியும் வழி காட்டியும் ஈட்டிய வருமானமும் அவர்களுக்கு இல்லாமல் போயின.

இயற்கையைக் காப்பதில் இவர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். 1974 மார்ச் 26-இல் ரேணி காட்டை வெட்ட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்களைக் கௌராதேவி தலைமையில் 27 பெண்கள் தடுத்து நிறுத்தினர். சிப்கோ இயக்கத்தின் திருப்புமுனையாக அமைந்த அந்நிகழ்வுக்குப் பின், அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் வெட்ட பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. பூங்கா மூடப்பட்ட பிறகு மக்கள் தங்கள் உரிமைகளைக் கோரிப் போராடினர். 2001-இல் லாத்தா கிராமத்தினர் சமூகம் சார்ந்த சூழல் சுற்றுலாவுக்கான பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். இப்போது பூங்காவின் வெளிப்பகுதியில் ஒரு சிறு பாதையில் மட்டும் கட்டுப்பாடுகளுடன் மலைநடைப் பயணம் அனுமதிக்கப்படுகிறது.

<b>2021 பேரழிவு</b>

2021 பிப்ரவரி 7-இல் ரோண்டி மலைச் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. அவை சேறும் வெள்ளமுமாக மாறி ரிஷிகங்கை வழியே பாய்ந்தன. ரேணி அருகிலிருந்த 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நீர்மின் நிலையம் அழிந்தது. கீழே கட்டுமானத்திலிருந்த 520 மெகாவாட் தபோவன்-விஷ்ணுகட் திட்டம் பெரும் சேதமடைந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள். ரிஷிகங்கா திட்டப் பணிகளால் ஏற்படும் பாதிப்பு குறித்து 2019-இலேயே ரேணி கிராமத்தினர் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டிருந்தனர்.

பூங்காவுக்குள் நுழைவதைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கும் பனியும் பாறையும் பூங்கா எல்லையோடு நின்றுவிடுவதில்லை. நந்தாதேவியைப் பாதுகாப்பது என்பது ரிஷிகங்கை வெளியேறும் வாயிலில் வாழும் மக்களின் பாதுகாப்பையும், அங்கு எத்தகைய கட்டுமானம் தகும் என்பதில் அவர்களது கருத்தையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பேரழிவு உணர்த்தும் பாடம்.