புகை போகும் வழி

சிம்லாவில் நான் கழித்த முதல் குளிர்காலத்தில், வாடகை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய நிலக்கரி அடுப்பு கிடந்தது. வார்ப்பிரும்பால் ஆனது, இடுப்பளவு உயரம். வடநாட்டு மலைகளில் இதைப் ‘புகாரி’ என்பார்கள். வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பெற்று, லோயர் பஜாரிலிருந்து ஒரு கொல்லரை அழைத்து வந்தேன். முதியவர். அடுப்பைச் சுற்றி ஒருமுறை வந்தார். “குழாய் எங்கே?” என்றார். குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். “குழாய் வந்தபின் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுப்பின் துருவைப் பற்றியோ விரிசலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

மனிதர் குளிர்காய்ந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வியின் பொருத்தம் எனக்கு விளங்கியது. நெருப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது என்றைக்கும் பெரிய காரியமாக இருந்ததில்லை. நெடுநல்வாடை காட்டும் கூதிர்காலத்தில், அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கணப்புச்சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய குமுட்டி அடுப்பும், வடநாட்டு அங்கீட்டியும் அந்தத் தடவின் உறவுகளே. காஷ்மீரின் காங்கிரி இன்னும் சிறியது: பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தணல். அதை ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டே நடமாடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எதற்கும் புகைபோக்கி கிடையாது. புகைபோக்கிக்குச் சுவரில் துளையிட வேண்டும்; சுவர் சொந்தமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1662இல் அடுப்புக்கு ஒன்றாக ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி விதித்தார்கள். வீட்டில் எத்தனை அடுப்பு என்பதே செல்வத்தின் அளவுகோல் ஆயிற்று. மிக வறியவர்களுக்கு விலக்கு அளித்தார்கள். மக்களின் வெறுப்புக்கு ஆளான அவ்வரி 1689இல் நீக்கப்பட்டது.

புகைபோக்கி வந்தபின்னும் புகைக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். லண்டனின் நிலக்கரிப் புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்தவர்கள் சிறுவர்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு விரைப்பையில் தோன்றிய புற்றுநோய்க்கு உடலில் படிந்த கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775இல் எழுதினார். ஒரு தொழிலோடு தொடர்புபடுத்திப் புற்றுநோய் விளக்கப்பட்ட முன்னோடி நிகழ்வு அது. 1866இல் எல்ம்ஸ்லி என்னும் மிஷன் மருத்துவர், காஷ்மீரிகளின் வயிற்றிலும் தொடையிலும் தோன்றும் தோல் புற்றுநோயைக் காங்கிரியின் சூட்டோடு இணைத்து எழுதினார். ஒருவர் பிறரின் கணப்புக்காக நோயுற்றார். மற்றவர் தம் சொந்தக் கணப்பாலேயே நோயுற்றார். இருவரும் ஏழைகள் என்பதில் வேறுபாடில்லை.

சிம்லாவுக்கு வருவோம். 1864இல் இவ்வூர் ஆங்கில ஆட்சியின் கோடைக்காலத் தலைநகர் ஆயிற்று. 1888இல் முடிந்த வைசிராய் மாளிகையின் கூரைமேல் எழுந்து நிற்கும் புகைபோக்கிகளை இன்றும் பார்க்கலாம். குளிர் இறங்கியதும் அரசு கோப்புகளோடு சமவெளிக்கு இறங்கிவிடும். பனியில் தங்கியவர்கள் காவலாளிகளும் கூலிகளும் சிறு கடைக்காரர்களுமே. 1903இல் கால்காவிலிருந்து ரயில் வந்தது. சமவெளியின் நிலக்கரி மலையேறுவது எளிதாயிற்று. ஆனால் மால் சாலையில் வைசிராய் போன்ற மிகச் சிலரின் வண்டிகளுக்கே அனுமதி. ஆகவே நிலையத்திலிருந்து வீடுவரை சுமைகள் மனித முதுகில்தான் ஏறின. புகைபோக்கி உள்ள அறைகளுக்கு எரிபொருள் சுமந்தவன், இரவில் தன் அறையில் அங்கீட்டியை மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாத்திய அறையில் என்ன நடக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் க்ளோத் பெர்னார் விளக்கினார். காற்றுப் போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அது குருதியின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. நிறமில்லை, மணமில்லை. கண் எரியும் புகை அடங்கித் தணல் சிவந்து அழகாகக் கனலும் நேரமே ஆபத்தான நேரம். உறங்குபவர் விழிப்பதில்லை.

குழாய் வாங்கியபின் கொல்லர் மறுபடி வந்தார். இரண்டு நாள் வேலை. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினார். தகடுகள் இணையும் இடங்களில் அனல் தாங்கும் களிமண்ணை அடைத்தார். வளைந்துபோன அடிக்கம்பிகளை மாற்றினார். விறகு சாம்பல் மேலேயே எரியும். நிலக்கரிக்கோ அடியிலிருந்து காற்று ஏற வேண்டும், அதற்குத்தான் கம்பித்தட்டு. குழாயைக் கூரை முகட்டுக்கு மேலே உயர்த்தினார். காற்றைக் குறைக்கும் தடுப்புத்தட்டில் ஒரு துளை போட்டார். தூக்கக் கலக்கத்தில் முழுவதும் மூடினாலும் புகைக்கு வழி இருக்க வேண்டுமாம். கடைசியில் காகிதம் எரித்துக் குழாயைச் சூடாக்கி, அடுப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தார். அதன் புகை உள்நோக்கி வளைந்தது. அதன் பிறகே கரி போட விட்டார்.

அன்று இரவு என் அறை கதகதப்பாக இருந்தது. கீழே காவலாளியின் அறையில் ஒரு தகர அங்கீட்டி கனன்றுகொண்டிருந்தது. சன்னல் இடுக்குகளில் பழந்துணி அடைத்திருந்தார். இந்த வரலாற்றை மாதக்கணக்கில் படித்த நான், அந்தத் துணியை அதற்குமுன் பலமுறை பார்த்தும் அதைப் பற்றி எண்ணியதில்லை. மறுநாள் வீட்டு உரிமையாளரிடம் பேசினேன். “நாலு மாதத்துக்காகச் சுவரை உடைப்பதா?” என்றார். கொல்லர்தான் வழி சொன்னார்: சன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துளையிட்ட தகரத்தைப் பொருத்தலாம், சுவரைத் தொட வேண்டாம். ஒரு சிறு தகரப் புகாரி, எஞ்சிய குழாய், அரை நாள் கூலி. அவ்வளவே ஆயிற்று.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்திய நாளேடுகளில் அங்கீட்டி மரணச் செய்திகள் வருகின்றன. இறப்பவர்கள் பெரும்பாலும் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், ஒற்றை அறைக் குடும்பங்கள். செய்தியில் ‘அலட்சியம்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறும். அந்த அறைக்கு ஏன் புகைபோக்கி இல்லை என்று செய்தி கேட்பதில்லை.

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரியடுப்பை, அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும், உறங்கும் அறைக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். உங்கள் விடுதியின் காவலாளி இரவில் எங்கே, எதை மூட்டிக் குளிர்காய்கிறார் என்றும் ஒருமுறை பாருங்கள்.