அலைவை எண்ணியவர்கள்

1802-ஆம் ஆண்டு, பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் மிகுயிபாம்பா என்ற சுரங்க ஊரை ஒட்டி ஜெர்மன் இயற்கையாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் ஒரு காந்த ஊசியை ஆடவிட்டு எண்ணினார். பத்து நிமிடத்தில் 211 அலைவுகள். பாரிஸில் அதே ஊசி பத்து நிமிடத்தில் 245 முறை ஆடியிருந்தது. ஊசி மாறவில்லை, எண்ணும் முறையும் மாறவில்லை. அப்படியானால் ஊசியைப் பிடித்து இழுக்கும் பூமிதான் இங்கே மெலிந்திருக்க வேண்டும்.

காந்த இருமுனை எதுவானாலும் புலத்தின் திசையிலேயே நிற்கப் பார்க்கும். அதை விலக்கித் திருப்ப வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். செய்த வேலை வீணாவதில்லை. நிலை ஆற்றலாக ஊசியிடமே சேர்ந்திருக்கும். கையை எடுத்ததும் அந்த ஆற்றல் இயக்கமாகிறது. ஊசி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் ஏறுகிறது, திரும்புகிறது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. புலம் வலுவாக இருந்தால் அதே கோணத்துக்குச் சேரும் ஆற்றலும் அதிகம், ஆட்டமும் வேகம். கணக்குப்படி, புலத்தின் வலிமை அலைவு எண்ணிக்கையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 245-ஐ 211-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.348 வருகிறது. ஹம்போல்ட் பெருவை 1 என்று வைத்துக்கொண்டார், பாரிஸ் 1.348 ஆயிற்று. அடுத்து வந்த ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உலகம் முழுவதையும் இந்த அளவுகோலால்தான் அளந்தார்கள்.

எண்ணும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ஹம்போல்ட் அல்ல. லண்டன் கடிகார வினைஞர் ஜார்ஜ் கிரஹாம் 1723-லேயே ஊசியின் அலைவுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆனால் ஊசியைக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றி மலை மலையாகத் திரிந்து எண்ணிய பெருமை ஹம்போல்ட்டுக்குத்தான். அவர் வழியில், நார்வேக்காரர் கிறிஸ்டோஃபர் ஹான்ஸ்டீன் 1828 முதல் 1830 வரை சைபீரியாவைச் சுற்றினார். அவருடைய கருவி ஒரு பெட்டி, அதற்குள் பட்டிழையில் தொங்கும் சிறு உருளைக் காந்தம், கூடவே நல்ல கடிகாரம். அவ்வளவுதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கையாளும் ஆற்றல் எவ்வளவு சின்னது என்று பார்த்தால்தான் சங்கடம் புரியும். தென்னிந்தியாவில் பூமியின் கிடைத்தளப் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்தத்தின் வலு, 1 ஆம்பியர் சதுர மீட்டர் உள்ள சட்டக் காந்தம் ஒன்றை, அதன் வடமுனை தெற்கைப் பார்க்கும்படி முழுக்கத் திருப்ப ஆகும் வேலை 80 மைக்ரோஜூல். ஒரு கிராம் எடையை எட்டு மில்லிமீட்டர் தூக்கினால் அதற்கே அவ்வளவு செலவாகிவிடும். அலைவுக்காக ஊசியை விலக்குவதோ சில பாகைதான். அப்போது சேரும் ஆற்றல் இதில் மிகச் சிறு பங்குதான். பெட்டிக்குள் புகும் காற்று, இழையில் விழுந்த முறுக்கு, எண்ணுபவரின் சட்டைப் பையில் கிடக்கும் பேனாக்கத்தி என்று எது வேண்டுமானாலும் கணக்கைக் கெடுக்கலாம்.

இவற்றையெல்லாம் கவனமாக இருந்து தவிர்த்துவிடலாம். தவிர்க்க முடியாத கோளாறு ஒன்று உண்டு. வெயில், குலுக்கல், வயது என்று எதிலும் காந்தம் தன் வலுவை இழக்கும். ஊசி மெதுவாக ஆடினால் மெலிந்தது பூமியா ஊசியா? அலைவுகளை மட்டும் எண்ணுகிறவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அலைவு தருவது காந்தத்தின் திருப்புத்திறனையும் புலத்தையும் பெருக்கி வந்த ஒற்றை எண்ணை. அதை உடைத்துப் பார்க்க வழியில்லை.

வழி கண்டவர் ஊர் ஊராகத் திரியாத ஒரு கணித மேதை. கோட்டிங்கன் நகரில் கார்ல் ஃபிரெட்ரிக் காஸ், இளம் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபரின் துணையோடு இரண்டு சோதனைகளைச் சேர்த்துச் செய்தார். முதலில் காந்தத்தை ஆடவிட்டு அந்தப் பெருக்கலைக் கண்டார். பிறகு அதே காந்தத்தை வேறொரு ஊசியின் பக்கத்தில் வைத்தார். பூமி ஒரு பக்கமும் காந்தம் ஒரு பக்கமும் இழுக்க, இரண்டுக்கும் நடுவே ஊசி ஒரு கோணத்தில் நின்றது. அந்தக் கோணம் திருப்புத்திறனைப் புலத்தால் வகுத்த ஈவைத் தந்தது. பெருக்கலும் ஈவும் கைக்கு வந்துவிட்டால் இரண்டையும் தனித்தனியே பிரித்துவிடலாம். காந்தம் புதிதோ பழையதோ, கவலை இல்லை. கிடைத்த விடை மில்லிமீட்டர், மில்லிகிராம், நொடி ஆகிய மூன்றே அலகுகளில் 1.78, இன்றைய அலகில் 17.8 மைக்ரோடெஸ்லா. 1832 டிசம்பர் 15 அன்று கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் காஸ் இதை வாசித்தார். பயணக் கதைகள் ஹம்போல்ட்டின் பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். காந்தவியலின் பெரிய தாவல் நிகழ்ந்தது காஸின் அறைக்குள்தான். பழைய பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் விலகு காந்தமானியை வைத்துக்கொண்டு டான் ஏ, டான் பி நிலைகளோடு மல்லுக்கட்டியவர்கள் அறியாமலே காஸின் இரண்டாம் சோதனையைத்தான் செய்தார்கள்.

அடுத்த ஆண்டே அங்கே இரும்பே இல்லாத ஒரு கூடம் எழுந்தது. ஆணிக்குக்கூடச் செம்புதான். காந்தத்தில் ஒட்டிய கண்ணாடியில் தெரியும் அளவுகோலைத் தள்ளி நின்று தொலைநோக்கியால் படித்தார்கள். பல நாடுகளின் கூடங்கள் இதில் சேர்ந்துகொண்டன. குறித்த நாட்களில் எல்லோரும் கோட்டிங்கன் நேரப்படி, 24 மணி நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுத்தார்கள். பிறகு காஸ் இரட்டை இழைக் கருவியைக் கொண்டுவந்தார். அதில் காந்தத்தை வடக்கு தெற்காக விடாமல் குறுக்கே இழுத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த நிலையில் திருப்புவிசை உச்சத்தில் இருப்பதால் புலம் கொஞ்சம் அசைந்தாலும் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

1830-களின் கடைசியில் பிரிட்டனும் களத்தில் இறங்கியது. டொரோன்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் என்று கூடங்கள் முளைத்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கில் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் வந்தன. கப்பலோட்டும் அரசுக்குத் திசைகாட்டி தவறக் கூடாது என்ற அக்கறை இதில் இல்லாமல் இல்லை.

திருவிதாங்கூருக்கு வேறொரு சிறப்பு இருந்தது. காந்த நடுக்கோடு, அதாவது ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, தென்கோடி இந்தியாவை ஒட்டிச் செல்கிறது. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன் வந்து சேர்ந்தார். உயரத்துக்கு ஏற்பக் காந்த மாற்றங்கள் வேறுபடுகின்றனவா என்று பார்க்க, 1855-இல் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு கூடத்தையே கட்டிவிட்டார். யானைக்காடு, அட்டை, ஓயாத மழை, மூடுபனி எல்லாவற்றையும் கடந்து கருவிகளை மேலே சேர்த்து அங்கேயே ஆள்வைத்து அளவு எடுத்த காரியம் அது. ஹம்போல்ட்டின் மலையேற்றங்களைக் கொண்டாடுகிற உலகம் இதை ஏன் மறந்தது என்று தெரியவில்லை.

பம்பாயின் கொலாபா கூடத்துக்கு 1859 செப்டம்பர் 2 அன்று வேலை தலைக்குமேல் போனது. சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் புலத்தைக் கலக்கியதில் கிடைத்தளப் புலம் கிட்டத்தட்ட 1,600 நானோடெஸ்லா சரிந்தது. அன்று ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய எண்கள் இன்றும் விண்வெளி வானிலை ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். அதே கூடத்தைக் கடைசியில் காலி செய்யவைத்தது டிராம். மின்சார டிராம் ஓடினால் அந்த மின்னோட்டம் ஊசியைக் கலைத்துவிடும் என்பதால், கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் மூஸ் 1904-இல் அலிபாகில் புதுக்கூடம் அமைத்தார். 1906 வரை இரண்டு இடத்திலும் ஒருசேர அளவெடுத்து, பழைய கணக்கையும் புதியதையும் இணைத்த பிறகே கொலாபாவை விட்டார்கள்.

இழையில் தொங்கிய காந்தத்துக்கு 1950-களில் போட்டி வந்தது. புரோட்டான் காந்தமானியில் ஒரு குப்பி தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்களே இருமுனைகள். புலத்தோடு சேர்ந்து நிற்பதற்கும் எதிர்த்து நிற்பதற்கும் உள்ள ஆற்றல் வித்தியாசமே அவை தலைசுற்றும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 40,000 நானோடெஸ்லா புலத்தில் அது நொடிக்குச் சுமார் 1,700 சுற்று. இந்தக் காந்தம் வெயிலில் வலு இழப்பதில்லை, கிழடாவதும் இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் கனிமம் தேடப் போகிறவர் இடுப்புப் பெல்ட்டின் இரும்புக் கொளுவியை இன்றும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.