கீரை பறித்த கை, கிழங்கு தோண்டிய கை: கம்பம் பள்ளத்தாக்கின் எழுதப்படாத வரலாறு

தோழர்களே, ‘காட்டு உணவு’ இப்போது நகரத்தில் பேசப்படும் பொருளாகிவிட்டது. மலைக்காளான், மூலிகைக் கீரை என்று வீடியோக்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் இரண்டு கேள்விகள் மட்டும் வருவதே இல்லை. இந்த உணவை யார், எந்த நிலைமையில் தேடித் தின்றார்கள்? எது உயிர் காக்கும், எது உயிர் எடுக்கும் என்று அவர்கள் எப்படித் தெரிந்து வைத்திருந்தார்கள்? தேனி மாவட்டத்தின் வரலாற்றில் இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

மலையிலிருந்து தொடங்குவோம். வருசநாடு, மேகமலை, பழனி மலைப் பகுதிகளில் வாழும் பளியர் பழங்குடிகள். 1908இல் தாமென் என்ற பாதிரியார் பழனி மலைப் பளியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியரோடு தங்கி ஆய்வு செய்தார். காட்டுவள்ளிக் கிழங்கும் தேனும் பளியர் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியமானவை என்பதை இந்த எழுத்துகளிலிருந்து அறியலாம். கொடியைப் பார்த்தே மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைச் சொல்வது பல தலைமுறைப் படிப்பு. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

அந்தப் படிப்பைக் குற்றமாக்கியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ஒதுக்குக்காடு என்று அரசு அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் வனப்பொருள் எடுப்பது தண்டனைக்குரியது ஆனது. அதே மலைகளில் தேயிலைக்கும் ஏலத்துக்கும் காடு அழிக்கப்பட்டது. காட்டை மொட்டையடித்து எஸ்டேட் போட்டவர் முதலாளி. ஒரு குழி தோண்டிக் கிழங்கு எடுத்தவர் திருடர். காலனி ஆட்சி கற்றுக்கொடுத்த இந்தக் கணக்கு இன்னும் முழுதாக மாறவில்லை.

இனி பள்ளத்தாக்குக்கு இறங்குவோம். 1895இல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமியானது. தண்ணீர் நிலத்துக்குப் போனது. நிலம் இல்லாதவருக்குக் கூலி வேலைதான் கிடைத்தது. நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்களில் பெரும்பங்கு தலித் பெண்கள். களை எடுக்கும்போதே பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, மூக்கிரட்டை என்று பிரித்து மடியில் கட்டிக்கொள்வார்கள். நிலக்காரருக்கு அது களை, அவர்களுக்கு ராத்திரி வெஞ்சனம். அந்த மடிக்கீரைக்கும் வரப்பில் நின்று கணக்குக் கேட்ட காலம் உண்டு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கிழங்கும் கீரையும் தேடி அலைந்தவர்களிலும், செத்தவர்களிலும் நிலமற்றவர்களே அதிகம். இதை ‘பாரம்பரிய ஆரோக்கிய உணவு’ என்று மட்டும் சொன்னால் பசியை மறைத்துவிடுவோம். ‘பஞ்சப் பாட்டு’ என்று மட்டும் சொன்னால் அவர்களின் அறிவை மறைத்துவிடுவோம்.

அந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

முதலாவது, கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான் அது. பூ இல்லாத பருவத்தில் கிழங்கை மட்டும் பார்த்தால் வள்ளிக்கிழங்கு என்று ஏமாறலாம். அதில் இருக்கும் கொல்கிசின் என்ற நஞ்சு ஆளைக் கொல்லும், வேகவைத்தாலும் போகாது. கிழங்கை மட்டும் பார்க்காமல் கொடி, இலை, பூ, பருவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

இரண்டாவது, காளான். இடி மழைக்குப் பின் கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானை நம் ஊர்களில் விரும்பித் தின்கிறார்கள். ஆனால் அதே மழையில் நச்சுக்காளானும் முளைக்கும். வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்ற சோதனைகள் எதுவும் உண்மை அல்ல. கொடிய வகைக் காளானில் உள்ள அமடாக்சின் சமைத்தாலும் அழியாது. தின்று 6 மணி நேரத்துக்குப் பிறகே, சில நேரம் 24 மணி நேரம் கழித்தே, வாந்தியும் பேதியும் தொடங்கும். நடுவில் சரியானதுபோல் தெரியும், அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். எனவே சந்தேகம் வந்த நிமிடமே, மிச்சக் காளானைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீடியோவையோ செல்போன் செயலியையோ நம்பிக் காளான் பறிக்காதீர்கள்.

மூன்றாவது, பாட்டிமார் காலத்தில் இல்லாத ஆபத்து. திராட்சைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் மருந்து அடிக்கிறார்கள். அந்த வரப்பில் முளைத்த கீரை நல்ல கீரைதான். ஆனால் அதன் மேல் பூச்சிமருந்து இருக்கும், கழுவினால் முழுதாகப் போகாது. கீரையை அடையாளம் தெரிந்தால் மட்டும் இன்று போதாது, அந்த நிலத்தில் என்ன அடித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். கூலிப் பெண்ணுக்கு அதைச் சொல்ல வேண்டியது நிலக்காரரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதும் சங்க வேலைதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2006 வன உரிமைச் சட்டம், பாரம்பரியமாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்கள் மீது உரிமை தருகிறது. மூலிகை, வேர், கிழங்கு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதால் அந்த உரிமை தானாகச் செத்துப்போவதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத தலித்துகள் ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ என்ற வகையில் வருகிறார்கள். அவர்கள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டா தரப்படாத சாதியிடம் 75 ஆண்டு ஆதாரம் கேட்பது என்ன நியாயம்?

இந்த இடத்தில்தான் பாட்டியின் பேச்சு ஆவணமாகிறது. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்தால், 2008 விதிகளின்படி அது ஆதாரம். அது மட்டும் போதாது, இன்னொரு வகை ஆதாரமும் சேர்க்க வேண்டும். சமூக உரிமைக்கான மனு ‘படிவம் ஆ’. அதைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும்.

எனவே மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குப் போங்கள். எந்தச் செடி, எந்த மாதம், எந்தக் கரடு, எந்த ஓடை, யாரோடு போனார்கள், யார் விரட்டினார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எதைத் தொடக்கூடாது என்பதையும் கேளுங்கள். பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். விஷத்திலிருந்து உயிரைக் காப்பதும் அந்த நோட்டுதான், கிராம சபையில் உரிமையைக் கேட்க உதவுவதும் அதுதான். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அதிக நேரம் இல்லை.