வருகையாளர் விசாவில் சென்று மாணவராக மாற முடியுமா? எல்லையோரக் குடும்பங்கள் அறிய வேண்டிய விதிகள்

வருகையாளர் விசாவில் வெளிநாடு சென்று, அங்கிருந்தபடியே கல்லூரியில் சேர்ந்து மாணவர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற ஆலோசனை, மேற்படிப்புக்குத் தயாராகும் குடும்பங்களை எளிதில் ஈர்க்கிறது. ஆனால் மாணவர்கள் அதிகம் நாடும் நாடுகள் பலவற்றில் இந்த வழி மூடப்பட்டுள்ளது. திறந்திருக்கும் நாடுகளிலும் அது நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, அம்மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்ற மாணவர்களின் எண்ணிக்கை சுமார் 2.5 லட்சம். 2018இல் இது 1.29 லட்சமாக இருந்தது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். விவசாயத்தையும் தேயிலை, ஏலத் தோட்ட வேலையையும் நம்பியுள்ள குடும்பங்கள் நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் பிள்ளைகளை அனுப்பும்போது, விசா வகையில் நேரும் ஒரு பிழை முழுத் தொகையையும் இழக்கச் செய்யலாம்.

விசாவும் குடியேற்ற நிலையும்

விசா என்பது ஒரு நாட்டின் நுழைவாயிலுக்குச் செல்வதற்கான அனுமதி. குடியேற்ற நிலை என்பது, உள்ளே நுழைந்த பிறகு எந்த நோக்கத்துக்காக, எந்த நாள் வரை தங்கலாம் என்பதைக் குறிக்கிறது. ஒன்று மாறினால் மற்றொன்றும் தானாக மாறிவிடாது.

அமெரிக்கா

பி-1 அல்லது பி-2 விசாவில் சென்றவர், எஃப்-1 மாணவர் நிலைக்கு அங்கிருந்தே மாற விண்ணப்பிக்கலாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் வழங்கும் ஐ-20 படிவம் தேவை. 350 டாலர் செவிஸ் கட்டணத்தைச் செலுத்தி, தங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட நாள் முடிவதற்குள் ஐ-539 விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் இதன் கட்டணம் இணையவழியில் 420 டாலர், காகித வழியில் 470 டாலர்.

ஒப்புதல் கிடைக்கும் முன்பு வகுப்பில் சேரக் கூடாது என்ற விதி 2002 முதல் நடைமுறையில் உள்ளது. மீறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முடிவு வரும் முன் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

ஒப்புதல் கிடைத்தாலும் மாறுவது நிலை மட்டுமே. கடவுச்சீட்டில் மாணவர் விசா இராது. உடன்பிறந்தோர் திருமணத்துக்காக ஊர் திரும்பும் மாணவர், மீண்டும் கல்லூரிக்குச் செல்லத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 விசா பெற்றாக வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கு விசா மறுக்கப்பட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

அனுமதிக் காலத்துக்கு மேல் 180 நாட்களுக்கு அதிகமாகத் தங்கி வெளியேறுவோருக்கு மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவோருக்குப் பத்து ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை உண்டு.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா

பிரிட்டனில் வருகையாளராக இருப்பவர் மாணவர் விசாவுக்கு உள்நாட்டிலேயே மாற முடியாது. வெளியேறித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரையிலான குறுகிய படிப்புக்கு மட்டும் வருகையாளர்களுக்கு அனுமதி உண்டு.

ஆஸ்திரேலியாவில் 2024 ஜூன் வரை இருந்த வாய்ப்பு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. வருகையாளர் விசாவில் உள்ளவர்கள் இப்போது நாட்டுக்கு வெளியிலிருந்தே மாணவர் விசா கோர வேண்டும். 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணம் அதே நாளில் 1,600 ஆகவும், 2025 ஜூலை 1 முதல் 2,000 ஆகவும் உயர்ந்தது.

கனடாவிலும் முதல் கல்வி அனுமதிக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பதே பொது விதி. சேர்க்கைக்கு முன்நிபந்தனையான குறுகிய படிப்பை அங்கு முடித்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்ற உறவினர் ஒருவர் எளிதாக மாறிக்கொண்டார் என்பது இன்றைக்குச் சான்றாகாது.

ஜெர்மனி, ஐக்கிய அரபு அமீரகம்

ஜெர்மனியில் பட்டப்படிப்புக்குச் செல்லும் இந்தியர்கள், பயணத்துக்கு முன்பே நீண்டகாலத் தேசிய விசா பெற வேண்டும். ஷெங்கன் சுற்றுலா விசாவில் சென்று அதை மாற்ற இயலாது. அமீரகத்தில் நாட்டைவிட்டு வெளியேறாமல் நிலை மாற்றம் செய்ய வழி உள்ளது. அதற்குப் பல்கலைக்கழகமோ அங்கு வசிக்கும் பெற்றோரோ பொறுப்பேற்க வேண்டும்.

நோக்கத்தை மறைத்தால்

படிக்கும் திட்டத்தை மறைத்து, சுற்றுலா என்று கூறி விசா பெறுவது தவறான தகவல் அளித்ததாகக் கருதப்படலாம். பிரிட்டனில் இதற்குப் பத்து ஆண்டுத் தடை விதிக்கப்படலாம். அமெரிக்காவில் நிரந்தரத் தகுதியிழப்பும் நேரலாம். கல்லூரிகளை நேரில் பார்வையிட மட்டுமே செல்பவர்கள், அதை விசா நேர்காணலிலேயே வெளிப்படையாகத் தெரிவிப்பது பாதுகாப்பானது.

எல்லைப் பகுதியினர் கவனிக்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை மாணவர் கோவையிலும், குமுளி மாணவர் தேனி, மதுரையிலும் பட்டம் பெறுவது வழக்கம். சான்றிதழ் சரிபார்ப்பு, மாணவர் வசிக்கும் மாநிலத்தில் அல்லாமல் சான்றிதழை வழங்கிய மாநிலத்தில் நடைபெறும். கேரளச் சான்றிதழ்களுக்கு திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு நார்க்கா மையங்களை அணுகலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழ்களைத் தமிழக அரசே சரிபார்க்க வேண்டும்.

தந்தை பெயரின் முதலெழுத்து பள்ளிச் சான்றிதழிலும், விரிந்த பெயர் கடவுச்சீட்டிலும் இருப்பது தமிழ்க் குடும்பங்களில் பொதுவானது. சேர்க்கைக் கடிதமும் வங்கி ஆவணங்களும் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படியான முகவர் பதிவு, வேலைக்கு ஆள் அனுப்புவோருக்கு உரியது; கல்வி ஆலோசகர்களுக்கு அது பொருந்தாது. எனவே அந்தப் பதிவு எண்ணைக் காட்டி ஒருவர் கல்விச் சேர்க்கைக்கு உறுதி கூறினால், அதை ஏற்கக் கூடாது.

ஏற்கெனவே சென்றுவிட்டவர்கள் தங்கும் அனுமதி முடியும் நாளை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேலையில் சேராமல், கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தையோ உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரையோ அணுகலாம். இடர்ப்பாடு நேர்ந்தால் இந்தியத் தூதரகத்திடம் முறையிட, வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளம் உள்ளது.

முதலில் சேர்க்கை, அடுத்து மாணவர் விசா, அதன் பிறகே பயணச்சீட்டு என்ற வரிசையே பெரும்பாலோருக்குச் செலவும் இடரும் குறைந்த வழியாகும். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், பணம் செலுத்தும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் அவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.