15 வயதில் ஃபத்வா

பள்ளி மாணவர் கல்லூரிப் பாடங்களை முன்கூட்டியே பயிலும் ஏற்பாடு அமெரிக்காவில் 1950களில் உருப்பெற்றது. "இந்த வயதில் பிள்ளைக்கு இவ்வளவு பளுவா?" என்று தயங்கும் நாம், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 150-இல் பிறந்த அவர்களைத் தந்தை மறைந்தபின் மக்காவில் வளர்த்தவர் தாயார். ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லை. அவர் இல்லாத வேளைகளில் மற்றச் சிறுவர்களைக் கவனித்துக்கொண்டதே கட்டணமாயிற்று. ஏடு வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதினார்கள். 7 வயதில் குர்ஆனையும் 10 வயதில் முவத்தாவையும் மனனம் செய்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஏறத்தாழ 15 வயதில் ஃபத்வா வழங்க அனுமதித்தவர் மக்காவின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித். அந்தப் பெரியவரின் துணிவும் போற்றத்தக்கதே.

அத்தகைய அனுமதி பெற்றவர், ஹிஜ்ரி 179-இல் இமாம் மாலிக் (ரஹ்) மறையும்வரை, மதீனாவில் அவர்கள்முன் மாணவராகவே அமர்ந்திருந்தார்கள்.